பேஜ் டேபிள் டிபக் அவுட்புட்: நான்கு வழிகளில் எதை முதலில் சரிசெய்வது?

8000000012345067. ஒரு சின்ன கர்னலில் யூசர் புரோகிராம் தனக்குக் கொடுக்கப்பட்ட பக்கத்தில் எழுதப் போன உடனே பேஜ் ஃபால்ட் வந்து நின்றபோது, சீரியல் லாக்கில் கடைசியாக இருந்த பிடிஇ மதிப்பு இது, ஹெக்ஸில் (விர்ச்சுவல் அட்ரஸை பிசிக்கல் அட்ரஸாக மாற்ற பிராசஸர் லெவல் லெவலாகப் படிக்கும் அட்டவணைதான் பேஜ் டேபிள், அதன் கடைசி லெவல் என்ட்ரி பிடிஇ). எர்ரர் கோட் 7, அதாவது பக்கம் இருந்தும் யூசர் எழுத அனுமதி இல்லை. கையால் பிரித்துப் பார்த்தேன். கடைசி மூன்று இலக்கம் 067, அதாவது பக்கம் இருக்கிறது, எழுதலாம், யூசர் தொடலாம், ஆக்சஸ்டு, டர்ட்டி பிட்டுகளும் போட்டாகிவிட்டது. மேலே 63-வது பிட் என்எக்ஸ் (இந்தப் பக்கத்தில் உள்ளதைக் கோடாக இயக்கக் கூடாது), அது டேட்டா பக்கத்துக்கு இருக்க வேண்டியதுதான். பிசிக்கல் அட்ரஸ் 12345000, அதுவும் நான் கொடுத்த அதே ஃப்ரேம் (பிசிக்கல் மெமரியின் ஒரு பக்கம்). எல்லாமே சரியாக இருந்தது, ஆனால் பிராசஸர் மட்டும் அனுமதி இல்லை என்றது.

டிஎல்பி (பிராசஸர் ஏற்கெனவே படித்த என்ட்ரிகளை உள்ளே வைத்துக்கொள்ளும் இடம்) ஃப்ளஷ் விட்டுப்போயிருக்கும் என்று நினைத்து இரண்டு நாள் அந்தப் பக்கமே தேடினேன். அப்புறம்தான் மேலே உள்ள லெவல்களையும் அச்சிட்டுப் பார்த்தேன். பிடிஇக்கு ஒரு லெவல் மேலே உள்ள பிஎம்டி என்ட்ரி 0000000054321063. அங்கே 7, இங்கே 3. பிட் 2, அதாவது யூசர் பிட், பிஎம்டியில் இல்லை. எக்ஸ்86-இல் யூசர் ஒரு பக்கத்தைத் தொட வேண்டுமென்றால் மேலிருந்து கீழ் வரை எல்லா லெவலிலும் அந்த பிட் இருந்தாக வேண்டும். லினக்ஸும் கர்னலுக்கான டேபிள் என்ட்ரிக்கு 063, யூசருக்கானதற்கு 067 என்றுதான் போடுகிறது. நான் புது டேபிள் ஒதுக்கும் இடத்தில் தவறான மாக்ரோவைப் போட்டிருந்தேன், அவ்வளவுதான் பிழை. விடை இரண்டு நாளும் மெமரியிலேயே இருந்தது, என் அவுட்புட் கடைசி லெவலை மட்டும் காட்டியதால் கண்ணில் படவில்லை.

அதற்குப் பிறகு இந்த டிபக் அவுட்புட்டை ஒழுங்காகச் செய்ய வேண்டும் என்று உட்கார்ந்தேன். செய்யக்கூடியவை நான்கு இருக்கின்றன: ஃபால்ட் வரும் நேரத்திலேயே அந்த ஒரு அட்ரஸுக்கு டேபிளில் லெவல் லெவலாக இறங்கி அச்சிடுவது, முழு டேபிளையும் ரேஞ்சுகளாகச் சுருக்கி ஒரு ஃபைலில் காட்டுவது, கர்னலுக்குள் எதுவும் செய்யாமல் வெளியிலிருந்து கியூஇஎம்யூ (எமுலேட்டர்), ஜிடிபி (டிபக்கர்) மாதிரி கருவிகளால் பார்ப்பது, டேபிள் மாறும் ஒவ்வொரு முறையும் அதைப் பதிவு செய்வது அல்லது சோதிப்பது. நான்கையும் செய்ய யாருக்கும் நேரம் கிடைக்காது. எதை முதலில் செய்வது என்பதுதான் கேள்வி. சொந்தமாகக் கர்னல் எழுதுபவருக்கும், பெரிய கர்னலின் ஒரு கிளையைப் பராமரிப்பவருக்கும் இந்தக் கேள்வி ஏறக்குறைய ஒன்றுதான்.

ஃபால்ட் நேரத்து அவுட்புட்டிலிருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் எல்லோரிடமும் ஏதோ ஒரு வடிவத்தில் இது ஏற்கெனவே இருக்கும். எக்ஸ்86 லினக்ஸ் ஊப்ஸ் (கர்னல் பிழை அறிக்கை) வரும்போது, மேல் லெவலிலிருந்து கீழாக பிஜிடி, பி4டி, பியூடி, பிஎம்டி, பிடிஇ என்று ஒரே வரியில் ஹெக்ஸ் மதிப்புகளைப் போடும். அதற்கு மேலே எர்ரர் கோடை வார்த்தையாகவும் சொல்லிவிடும், பக்கமே இல்லையா அல்லது பக்கம் இருந்தும் அனுமதி இல்லையா என்று. ஏஆர்எம்64 இன்னும் கொஞ்சம் விரிவாக, பக்க அளவு எவ்வளவு, விர்ச்சுவல் அட்ரஸ் எத்தனை பிட், எந்த லெவலில் டிரான்ஸ்லேஷன் ஃபால்ட் என்பதையும் சொல்லும். இவை நல்ல அடித்தளம். ஆனால் இரண்டிலுமே என்ட்ரிகள் மட்டும் வெறும் ஹெக்ஸாக நிற்கின்றன, பிட்டுகளைப் பிரிக்கும் வேலை படிப்பவர் தலையில்தான் விழுகிறது.

இங்கே நான் சேர்க்கச் சொல்வது மூன்று. முதலாவது, ஒவ்வொரு லெவலுக்கும் ஒரு தனி வரி. அந்த லெவலில் எத்தனையாவது இடம் (எக்ஸ்86-64-இல் லெவலுக்கு 9 பிட், ஆக 0 முதல் 511 வரை), அங்கிருந்த ஹெக்ஸ் மதிப்பு, பக்கத்திலேயே பிரித்த பிட்டுகள். இரண்டாவது, எல்லா லெவலையும் சேர்த்துக் கிடைக்கும் இறுதி அனுமதி: எழுதும் பிட்டும் யூசர் பிட்டும் எல்லா லெவலிலும் இருந்தால் மட்டுமே உண்டு, என்எக்ஸ் எந்த ஒரு லெவலில் இருந்தாலும் உண்டு. மூன்றாவது, எர்ரர் கோடு கேட்டதையும் டேபிள் கொடுப்பதையும் ஒப்பிட்டு, எந்த லெவலில் எந்த பிட்டால் தடை வந்தது என்று ஒரே ஒரு வரி. என் கதையில் அந்தக் கடைசி வரி இருந்திருந்தால் "பிஎம்டியில் யூசர் பிட் இல்லை" என்று சொல்லியிருக்கும், இரண்டு நாள் மிச்சமாகியிருக்கும்.

எழுதுவது பெரிய வேலை இல்லை, நூறு நூற்றைம்பது வரி கோடு. ஆனால் கவனிக்க வேண்டிய சில இடங்கள் உண்டு. டேபிளே கெட்டுப் போயிருக்கலாம், பிஎம்டியில் இருக்கும் அட்ரஸ் குப்பையாக இருக்கலாம், அதைப் படிக்கப் போய் ஃபால்ட் கையாளும் கோடுக்குள்ளேயே இன்னொரு ஃபால்ட் வந்தால் முதலில் வந்ததன் தடயமும் சேர்ந்து போய்விடும். அதனால் ஒவ்வொரு என்ட்ரியையும் ஃபால்ட் வந்தாலும் பிழைத்துத் திரும்பும் ஃபங்ஷன் வழியாகத்தான் படிக்க வேண்டும், லினக்ஸ் அப்படித்தான் செய்கிறது, முடியாவிட்டால் கெட்டது என்று ஒரு வார்த்தை போட்டு நிறுத்திக்கொள்கிறது. லாக் (பூட்டு) எடுக்கவும் முடியாது, ஏனென்றால் அந்த லாக்கைப் பிடித்துக்கொண்டிருக்கும்போதே ஃபால்ட் வந்திருக்கலாம். பெரிய பக்கம் (2 எம்பி, 1 ஜிபி) வந்தால் அங்கேயே இறங்குவதை நிறுத்த வேண்டும், பிட் 7-ஐப் பார்க்காமல் கீழே இறங்கினால் யாருடைய டேட்டாவையோ பிடிஇ என்று நினைத்து அச்சிடுவீர்கள். நான்கு லெவல் மட்டும் உள்ள கர்னலில் பிஜிடியும் பி4டியும் ஒன்றாக மடிக்கப்பட்டிருக்கும், அப்போது இரண்டு இடத்திலும் ஒரே மதிப்பைப் போட்டால் புதிதாகப் படிப்பவர் டேபிள் தன்னையே சுட்டுகிறதோ என்று குழம்புவார், மடித்த லெவலை அச்சிடாமல் விடுவதே நல்லது.

இன்னொன்று பலரும் தவறவிடுவது: எந்த வேரிலிருந்து இறங்குகிறீர்கள்? மெல்ட்டவுன் என்ற பிராசஸர் ஓட்டைக்குப் பிறகு, 2018-இலிருந்து, பல எக்ஸ்86 இயந்திரங்களில் ஒரு பிராசஸுக்கு இரண்டு பிஜிடி உண்டு, யூசர் மோடில் ஓடும்போது ஒன்று, கர்னலுக்குள் வந்தபின் ஒன்று. ஃபால்ட் கோடு ஓடும்போது சிஆர்3 (டேபிளின் வேரைச் சுட்டும் ரெஜிஸ்டர்) ஏற்கெனவே கர்னல் பக்கத்துக்கு மாறியிருக்கும். அதைப் படித்து இறங்கினால் கர்னல் பார்க்கும் பிரதிதான் கிடைக்கும். லினக்ஸில் அந்தப் பிரதியில் யூசர் என்ட்ரிகளுக்கு வேண்டுமென்றே என்எக்ஸ் போடப்பட்டிருக்கும், ஆகவே மேலே சொன்ன இறுதி அனுமதியைக் கணக்கிட்டால் யூசர் கோடு எதுவுமே ஓட முடியாது என்று தவறான முடிவு வரும். ஃபால்ட் யூசர் மோடிலிருந்து வந்திருந்தால் யூசர் பிஜிடியிலிருந்து இறங்குங்கள், எந்த வேர் என்பதையும் அவுட்புட்டில் எழுதுங்கள். ஏஆர்எம்64-இல் இதே கேள்வி வேறு மாதிரி வரும், அங்கே அட்ரஸின் மேல் பாதிக்கும் கீழ்ப் பாதிக்கும் தனித்தனி ரெஜிஸ்டர்.

இந்த வழியின் குறை, அது ஒரே ஒரு அட்ரஸைத்தான் காட்டும். பக்கத்தில் உள்ள பக்கங்கள் எப்படி மேப் ஆகியிருக்கின்றன, ஸ்டேக்கின் காவல் பக்கம் இருக்கிறதா, மாட்யூல் ஏறியபோது அனுமதிகள் ஒழுங்காக மாறினவா என்பதற்கெல்லாம் இதில் பதில் இல்லை.

அதற்குத்தான் இரண்டாவது வழி, முழு டம்ப். லினக்ஸில் எக்ஸ்86-க்கு இது 2008-இல் வந்தது, பிறகு ஒவ்வொரு ஆர்க்கிடெக்சரும் தனக்கென்று ஒரு பிரதி எழுதிக்கொண்டு, கடைசியில் 2020-இல் 5.6 வெளியீட்டில் பொதுவான ஒரு அடித்தளம் கிடைத்தது. டிபக்எஃப்எஸ் என்ற டிபக் ஃபைல் சிஸ்டத்துக்குக் கீழே ஒரு ஃபைல், திறந்து படித்தால் தொடக்க அட்ரஸ், முடிவு அட்ரஸ், அளவு, அனுமதிகள், எந்த லெவல் என்று வரி வரியாக வரும், நடுநடுவே டைரக்ட் மேப் (பிசிக்கல் மெமரியின் நேரடி மேப்), விமாலாக் பகுதி (சிதறிய ஃப்ரேம்களைத் தொடர்ச்சியாகக் காட்டும் இடம்) என்று தலைப்பும் போட்டிருக்கும். எக்ஸ்86-இல் கர்னல் டேபிள், இப்போதைய பிராசஸின் கர்னல் பக்கம், யூசர் பக்கம் என்று தனித்தனி ஃபைல்கள்.

இதில் உயிர்நாடி ரேஞ்சுகளாகச் சேர்ப்பதுதான். சேர்க்காமல் அச்சிட்டால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பார்ப்போம். 1 ஜிபி பகுதியில் 4 கேபி பக்கங்கள் 2,62,144. வரிக்கு 60 எழுத்து என்றால் ஏறக்குறைய 1.57 கோடி பைட். 115200 பாடில் ஓடும் சீரியல் போர்ட் நொடிக்குச் சுமார் 11,520 பைட்தான் தள்ளும், ஆக 1 ஜிபிக்கே 22 நிமிடத்துக்கு மேல். அடுத்தடுத்து ஒரே அனுமதியோடு வருபவற்றை ஒரே வரியாக்கினால் சாதாரணமாக முழு கர்னலும் சில நூறு, சில ஆயிரம் வரிகளில் முடிந்துவிடும்.

ஆனால் எதை வைத்துச் சேர்ப்பது என்பதில் ஒரு தேர்வு இருக்கிறது, அதைப் பலர் யோசிப்பதில்லை. எக்ஸ்86 டம்ப் அனுமதி, லெவல் இவற்றை வைத்துச் சேர்க்கும், பிசிக்கல் அட்ரஸை அச்சிடாது. அனுமதிப் பிழைகளைத் தேட அது போதும். ஆனால் இரண்டு விர்ச்சுவல் பக்கங்கள் ஒரே ஃப்ரேமைச் சுட்டுகின்றன, அல்லது ஒரு பக்கம் தவறான ஃப்ரேமைச் சுட்டுகிறது என்ற வகைப் பிழை அதில் தெரியவே தெரியாது. ரிஸ்க்-வி டம்ப் தொடக்க பிசிக்கல் அட்ரஸையும் காட்டுகிறது. சொந்தக் கர்னல் எழுதுபவர் என்றால், ஃப்ரேம் அல்லொகேட்டரும் உங்களுடையதுதான், அதில் பிழை இருக்க வாய்ப்பு அதிகம், ஆகவே பிசிக்கல் அட்ரஸும் தொடர்ச்சியாக இருந்தால் மட்டும் சேருங்கள். வரிகள் கூடும், பரவாயில்லை. பெரிய கர்னலில் விமாலாக் பகுதி முழுக்கச் சிதறிய ஃப்ரேம்கள் என்பதால் அங்கே இது வரிகளை வெள்ளமாக்கிவிடும், அங்கே அனுமதியை வைத்துச் சேர்ப்பதே சரி.

டம்ப் எழுதிவிட்டால் இலவசமாகக் கிடைக்கும் ஒரு பலன் உண்டு. டேபிளில் இறங்கிப் பார்க்கும் அதே கோடை பூட் முடிவில் ஒருமுறை ஓட்டி, எழுதவும் முடியும் இயக்கவும் முடியும் என்று எந்தப் பக்கமாவது இருக்கிறதா என்று எண்ணிப் பார்க்கலாம். லினக்ஸ் இதையே ஒரு கான்ஃபிக் ஆப்ஷனாக வைத்திருக்கிறது. எனக்கு இந்த ஒரு சோதனைக்காகவே இரண்டாவது வழியைச் செய்யலாம் என்று தோன்றும், பிழை வருவதற்கு முன்பே சொல்லும் கருவி அதிகம் கிடைப்பதில்லை.

குறை என்னவென்றால் இந்த ஃபைலைப் படிக்க இயந்திரம் உயிரோடு இருக்க வேண்டும். கர்னல் விழுந்த பின்னால் யார் ஃபைலைத் திறப்பது? படிக்கும் நேரத்திலும் டேபிள் மாறிக்கொண்டே இருக்கும், லாக் பிடித்து நடக்க வேண்டும், நடுவே ஒரு டேபிள் பக்கம் விடுவிக்கப்பட்டால் அதற்கும் தயாராக இருக்க வேண்டும். கர்னல் அட்ரஸ்கள் முழுவதும் வெளியே தெரிவதால் ரூட் மட்டும் படிக்கும்படி வைப்பது கட்டாயம், பயனருக்குப் போகும் பில்டில் இதை அணைத்தே வையுங்கள்.

மூன்றாவது வழிக்கு கர்னலில் ஒரு வரி கூட எழுத வேண்டாம். கியூஇஎம்யூ மானிட்டரில் இன்ஃபோ மெம் என்று அடித்தால் ரேஞ்சுகள், இன்ஃபோ டிஎல்பி என்று அடித்தால் ஒவ்வொரு மேப்பிங்கும். ஒரு எச்சரிக்கை: எக்ஸ்86-இல் அந்த இரண்டாவது கட்டளை பெயருக்கு மாறாக டிஎல்பியைக் காட்டுவதில்லை, சிஆர்3-இலிருந்து மெமரியில் உள்ள டேபிளைத்தான் நடந்து காட்டுகிறது. ஃப்ளஷ் செய்ய மறந்த பிழையை அதில் தேடினால் எதுவும் கிடைக்காது. இது மற்ற வழிகளுக்கும் பொருந்தும், எல்லாமே மெமரியில் உள்ளதைத்தான் காட்டுகின்றன, பிராசஸர் உள்ளே பழையதை வைத்துக்கொண்டிருந்தால் டம்ப் சுத்தமாக இருக்கும், ஃபால்ட் மட்டும் வந்துகொண்டே இருக்கும். டேபிள் சரி என்று உறுதியாகத் தெரிந்தபின் ஃப்ளஷைச் சந்தேகப்படுங்கள், நான் செய்தது தலைகீழ்.

விழுந்த இயந்திரத்தின் கோர் (அப்போது சேமித்த மெமரி நகல்) இருந்தால் க்ராஷ் கருவியின் விடிஓபி கட்டளை ஒரு அட்ரஸுக்கு எல்லா லெவலையும் பிரித்துக் காட்டும், டிஆர்கன் என்ற டிபக்கரில் பைத்தானில் உங்களுக்கு வேண்டியபடி எழுதிக்கொள்ளலாம். பூட்டின் ஆரம்பத்தில், அச்சிடவே வழி இல்லாத கட்டத்தில், பேஜிங்கை ஆன் செய்த அடுத்த இன்ஸ்ட்ரக்‌ஷனிலேயே இயந்திரம் ரீசெட் ஆகும்போது, வெளியிலிருந்து பார்ப்பது ஒன்றே வழி. அந்தக் கட்டத்தில் வேறு எதையும் யோசிக்காமல் இதற்குப் போங்கள். உண்மையான ஹார்ட்வேரில், கோரும் எடுக்காமல் விழுந்த கேஸில் இது கைகொடுக்காது, அங்கே லாக்கில் என்ன வந்ததோ அதுதான் கையிருப்பு.

நான்காவது வழி, மாற்றங்களைப் பதிவு செய்வது. முதல் மூன்றும் டேபிள் இப்போது எப்படி இருக்கிறது என்று சொல்லும், யார் அப்படி ஆக்கினார்கள் என்று சொல்லாது. பிடிஇ எழுதும் ஒவ்வொரு இடத்திலும் நேராக கன்சோலுக்கு அச்சிடுவதை மட்டும் செய்யாதீர்கள். ஒரு ஃபோர்க் (பிராசஸை நகலெடுப்பது) ஆயிரக்கணக்கான என்ட்ரிகளைத் தொடும், டைமிங் மாறிப் பிழையே மறைந்துபோகும், அச்சிடும் கோடு பிடிக்கும் லாக்கும் நீங்கள் பிடித்திருக்கும் லாக்கும் மோதி இயந்திரம் உறையும். சந்தேகத்துக்குரிய ஒரு அட்ரஸ் ரேஞ்சை மட்டும் வடிகட்டி, பழைய மதிப்பு, புதிய மதிப்பு, அழைத்த இடம் மூன்றையும் மெமரியில் ஒரு ரிங் பஃபரில் போட்டு, ஃபால்ட் வந்தால் அதன் கடைசிச் சில வரிகளைக் கொட்டினால் போதும். லினக்ஸில் 5.17-இலிருந்து இருக்கும் பேஜ் டேபிள் செக் வேறு கோணம், பதிவு செய்யாமல் மேப்பிங் சேரும்போதும் நீங்கும்போதும் எண்ணிக்கையைச் சரிபார்த்து, ஒரு பக்கம் தகாத விதத்தில் இரண்டு இடத்தில் மேப் ஆனால் அங்கேயே கர்னலை நிறுத்திவிடும். மெமரி கெடுகிறது, ஆனால் ஃபால்ட் வரும் இடத்துக்கும் காரணத்துக்கும் சம்பந்தமே இல்லை என்ற நிலையில் இது பெரிய உதவி. மற்ற நேரத்தில் இதில் இறங்க வேண்டியதில்லை.

எந்த வழியில் போனாலும் அவுட்புட்டின் வடிவம் பற்றி ஒரு வாக்குவாதம் வரும்: ஹெக்ஸை அப்படியே போடுவதா, பிரித்துப் போடுவதா? இரண்டும் வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். பிரித்தது மட்டும் இருந்தால், பிரிக்கும் கோடில் பிழை இருக்கும்போது ஏமாந்துபோவோம், ரிசர்வ்டு பிட் ஏதாவது போட்டிருந்தால் பிரித்த வடிவத்தில் அது காணாமல்போகும். ஹெக்ஸ் மட்டும் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு ரிஸ்க்-வி நல்ல உதாரணம். அங்கே என்ட்ரி 20000017 என்று இருந்தால், எக்ஸ்86 பழக்கத்தில் கடைசி மூன்று இலக்கத்தை நீக்கி அட்ரஸ் 20000000 என்று படிப்போம். தவறு. அங்கே பக்க எண் 10-வது பிட்டிலிருந்து ஆரம்பிக்கிறது, உண்மையான அட்ரஸ் 80000000. அதோடு 017 என்பது இருக்கிறது, படிக்கலாம், எழுதலாம், யூசர் தொடலாம், ஆனால் ஆக்சஸ்டும் டர்ட்டியும் இல்லை, அந்த பிட்டுகளைத் தானாகப் போடாத ஹார்ட்வேரில் இந்த என்ட்ரி ஃபால்ட் ஆகும். பார்க்க எல்லா அனுமதியும் இருப்பது போலவே இருக்கும். ஏஆர்எம்64-இன் ஆக்சஸ் ஃப்ளாகிலும் இதே பொறி உண்டு.

லினக்ஸ் எக்ஸ்86-இலும் கையால் பிரிப்பது இப்போது ஆபத்தானது. 2018 ஆகஸ்ட்டில் வெளியான எல்1டிஎஃப் என்ற பிராசஸர் ஓட்டைக்குப் பிறகு, பிரசன்ட் பிட் இல்லாத என்ட்ரிகளில் பக்க எண்ணின் பிட்டுகள் தலைகீழாக்கி வைக்கப்படுகின்றன. தெரியாமல் படித்தால் இல்லாத மெமரியைச் சுட்டும் குப்பை மாதிரி தெரியும், அதை மெமரி கரப்ஷன் என்று நினைத்துத் துரத்துவீர்கள். ஏஎம்டியின் மெமரி என்கிரிப்ஷன் இருந்தால் அட்ரஸுக்கு மேலே ஒரு பிட் கூடுதலாக நிற்கும். இவற்றை எல்லாம் தெரிந்த ஒரே இடம் கர்னலின் சொந்த ஃபங்ஷன்கள், ஆகவே பிரிக்கும் வேலையையும் அவற்றைக் கொண்டே செய்யுங்கள், டிபக் கோடில் தனியாக மாஸ்க் எழுதாதீர்கள். அப்புறம், லினக்ஸ் 4.15-இலிருந்து பாயிண்டரைச் சாதாரண ஃபார்மட்டில் அச்சிட்டால் ஹாஷ் செய்யப்பட்ட எண்தான் வரும், என்ட்ரி மதிப்புகளை எண்ணாக அச்சிடுங்கள்.

பிட்டுகளை எழுதும்போது ஒவ்வொன்றுக்கும் நிலையான இடம் கொடுங்கள், இல்லாத பிட்டுக்கு அந்த இடத்தில் ஒரு புள்ளி. மேலும் கீழும் இரண்டு வரியை வைத்துப் பார்த்தால் 063-க்கும் 067-க்கும் உள்ள வித்தியாசம் ஒரு ஓட்டையாகக் கண்ணில் குத்த வேண்டும். இருப்பவற்றை மட்டும் அடுத்தடுத்து எழுதினால் இல்லாதது தெரியாது, பேஜ் டேபிள் பிழைகளில் பாதி இல்லாத பிட்டால்தான் வருகின்றன என்பது என் அனுபவம்.

சரி, என் தேர்வு. முதலில் ஃபால்ட் நேரத்து அவுட்புட், எந்தக் கர்னலாக இருந்தாலும். ஒரு நாள் வேலை, பிழை நடந்த அதே கணத்தின் நிலையைப் பிடிக்கிறது, வேறொருவர் இயந்திரத்தில் விழுந்தாலும் அவர் அனுப்பும் லாக்கில் விடை இருக்கும், இந்தக் கடைசிக் காரணம் மற்ற மூன்றிடமும் இல்லை. இரண்டாவதாக டம்ப், ஆனால் லினக்ஸ் மாதிரி ஏற்கெனவே டம்ப் உள்ள கர்னல் என்றால் அதை இன்னும் மெருகேற்றுவதில் நேரம் போடாமல் கான்ஃபிக்கில் ஆன் செய்துவிட்டு நகருங்கள். பூட் கூட ஆகாத புதுக் கர்னல் என்றால் மட்டும் வரிசை மாறும், கியூஇஎம்யூ முதலில், கன்சோல் வந்ததும் ஃபால்ட் அவுட்புட். மாற்றப் பதிவைத் தேவை வரும் வரை எழுதாமல் வைப்பேன்.

எழுதி முடித்ததும் வேண்டுமென்றே உடைத்துப் பாருங்கள். ஒரு பிஎம்டியில் யூசர் பிட்டை எடுத்துவிடுங்கள், ஒரு பிடிஇயில் பிராசஸர் ஆதரிக்காத உயர் அட்ரஸ் பிட் ஒன்றைப் போடுங்கள் (எர்ரர் கோடில் பிட் 3 வர வேண்டும்), 2 எம்பி பக்கம் ஒன்றை எழுத முடியாததாக்கி அதில் எழுதுங்கள், பிஎம்டியில் ஒரு குப்பை அட்ரஸை வையுங்கள். இந்த நான்கிலும் லாக்கை மட்டும் கையில் வைத்துக்கொண்டு, சோர்ஸைத் திறக்காமல், எந்த லெவலில் எந்த பிட் என்று உங்கள் குழுவில் இதை எழுதாத ஒருவர் சொல்லிவிட்டால் அவுட்புட் தயார், அதைக் கமிட் செய்துவிட்டு டம்புக்குப் போகலாம்.